ரோஸ்மேரிச் செடியும் நாம் ஊற்றிய நீரும்

 

நமது இல்லத்தின் மொட்டை மாடியில், கிழக்குக் கைப்பிடிச் சுவரோரமாக மூன்று மண்தொட்டிகளில் ரோஸ்மேரிச் செடிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றரை அடி உயரம் இருக்கும். கடற்காற்று அவற்றைத் தடவிச் செல்லும்போது, மழைக்காலத்தில் நெஞ்சில் தேய்க்கும் தைலத்தின் வாசம் மாடியெங்கும் பரவுகிறது. காண வருவோர், “இந்த உப்புக்காற்று ஊரில் மலைச்செடி எப்படி வந்தது?” என வியக்கின்றனர். இந்த மூன்றும் வளர்வதற்கு முன் வேறு மூன்று செடிகள் நம் கையாலேயே மடிந்தன என்பதை அவர்கள் அறியமாட்டார்கள்.

அவை ஏன் மடிந்தன, இவை ஏன் பிழைத்தன என்பது பிறருக்கும் பயன்படலாம் என்று கருதியே இதனை எழுதுகிறோம். இதில் நம் மகளைப் பற்றிய செய்தியும், நாம் செய்த ஒரு தவறும் அடங்கியுள்ளன. எழுதியதை அவளிடம் காட்டி, அவள் இசைவு தந்த பின்னரே உங்கள் முன் வைக்கிறோம்.

ஒரு கார்த்திகை மழையின்போது, பதினேழு வயதான நம் மகளுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, ஆறு நாட்கள் மருத்துவமனையில் கிடந்தாள். அல்லாஹ்வின் அருளால் உடல் தேறி வீடு திரும்பினாள். ஆனால் இரண்டு மாதங்கள் கழித்து அவளது தலைமுடி உதிரத் தொடங்கிற்று. தலையணையில், சீப்பில், குளியலறைத் துளையில் என எங்கும் முடி. இடுப்பளவு இருந்த சடை எலிவாலாக மெலிந்தது. வகிடு அகன்று, நெற்றியோரம் தோல் தெரிந்தது.

ஒரு நாள் மஃரிபுக்குப் பின் அருகில் வந்து அமர்ந்து கேட்டாள்: “உம்மா, ரோஸ்மேரிச் செடி ஒண்ணு வாங்கித் தாங்களேன். அந்த இலையை அவிச்ச தண்ணியைத் தலையில தெளிச்சா முடி வளருமாம்.”

நாம் அப்போது மாணவியரின் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். பேனாவைக் கீழே வைக்காமலேயே, கைப்பேசியில் காண்பதையெல்லாம் நம்பலாகாது என்றும், முடியைத் தந்தவனே எடுத்தான் என்றும், மறுமையில் எவரும் சடையின் நீளத்தைக் கேட்கப்போவதில்லை என்றும் நெடுநேரம் உபதேசித்தோம். அவள் தலையசைத்துவிட்டு எழுந்து சென்றாள்.

அத்துடன் நாம் நிறுத்தியிருக்கலாம். மறுநாள் நிஸ்வான் மத்ரஸாவில் ஒழுக்கப் பாடம் நடத்தியபோது, அழகுக் காணொளிகளுக்கு அடிமையாகும் பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. “சிலர் முடி முளைக்கச் செடி தேடி அலைகிறார்கள்” என்று கூறினோம். பெயர் சொல்லவில்லைதான். ஆனால் வகுப்பில் இருந்த இருபத்திரண்டு மாணவியருள் நம் மகளும் ஒருத்தி. அவள் தலையின் நிலையை உடன் படிக்கும் அனைவரும் அறிவர். சிலர் சிரித்தனர். அவள் கிதாபின் மேல் குனிந்திருந்தாள்.

அதன் பிறகு அவள் அச்செடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாமும் உபதேசம் பலித்தது என்று எண்ணிக்கொண்டோம்.

பத்து நாட்கள் சென்றிருக்கும். துவைத்த துணிகளை அடுக்க அவளது அலமாரியைத் திறந்தபோது, பழைய பேரீச்சம்பழப் பெட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. அதனுள் சிறுசிறு காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாளில் உதிர்ந்த முடியைச் சுருட்டி வைத்து, மேலே தேதி எழுதியிருந்தாள். உதிர்ந்த முடியை மண்ணில் புதைத்துவிடுவது நம் வீட்டுப் பழக்கம். அவளுக்குப் புதைக்க மனம் வரவில்லை போலும். அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தோம்.

அப்போது ஒரு நபிமொழி நினைவுக்கு வந்தது. நோயினால் முடி உதிர்ந்துபோன தன் மகளுக்கு ஒட்டுமுடி வைக்கலாமா என்று கேட்டு ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அந்த மகள் மணப்பெண் என்றும் அதில் வருகிறது. ஒட்டுமுடி கூடாது என்னும் சட்டத்திற்கு ஆதாரமாக அந்த ஹதீஸைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறோம். சட்டத்தை விளக்கினோம், அறிவிப்பாளர் வரிசையை மனனம் செய்யவைத்தோம். ஆனால் மகளின் தலையை எண்ணி உள்ளம் நொந்து, வீட்டை விட்டுப் புறப்பட்டு வந்த அந்தத் தாயை நாம் ஒருமுறையும் கவனித்ததில்லை. அவர் மகளுக்கு உபதேசம் செய்துவிட்டு வீட்டில் இருந்துவிடவில்லை. அவளுக்காகக் கேட்க வந்தார். முடி உள்ளவர் அதனைப் பேணட்டும் என்னும் கருத்தில் அபூதாவூதில் வரும் நபிமொழியும் நாம் அறியாதது அன்று.

அன்றிரவே அவள் வாப்பாவிடம் கூறினோம். கடைகளில் கிடைக்கும் காய்ந்த இலைப் பொட்டலத்தை அவள் விரும்பாததால், உதகை சென்று திரும்பிய உறவினர் மூலம் இரண்டு செடிகளும், மதுரையிலுள்ள ஒரு நர்சரியிலிருந்து ஒரு செடியும் வந்து சேர்ந்தன. மகள் முகம் மலர்ந்தாள். ஆனால் செடிகளின் பொறுப்பை நாமே எடுத்துக்கொண்டோம். செய்த குற்றத்திற்குப் பரிகாரம் தேடும் அவசரம் நமக்கு.

பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் களிமண்ணும் தொழுவுரமும் நிரம்பக் கலந்து நட்டோம். மலைச்செடி ஆயிற்றே, வெயில் தாங்காது என்று மாடிப்படிக்குக் கீழே நிழலில் வைத்தோம். பஜ்ருக்குப் பின் ஒரு செம்பு, அஸருக்குப் பின் ஒரு செம்பு எனத் தவறாமல் நீர் வார்த்தோம். இரண்டாம் வாரத்தில் இலை நுனிகள் பழுப்பேறின. தாகம் என்றெண்ணி மூன்றாவது செம்பும் ஊற்றினோம். நான்காம் வாரத்தில் இரண்டு செடிகள் கருகி நின்றன. பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் கறுத்துக் குழைந்திருந்தன. சாக்கடை நாற்றம் வீசிற்று.

ரமலான் விடுமுறைக்கு ஊர் செல்லும் முன் விடைபெற வந்த விடுதி மாணவி ஒருத்தி, மூன்றாவது செடியைக் கண்டாள். கோத்தகிரியைச் சேர்ந்தவள். மண்ணில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கூறினாள்: “உஸ்தாபி, தப்பா நினைக்காதீங்க. இது தண்ணி இல்லாமச் சாகல. தண்ணியாலதான் சாகுது. எங்க ஊர்ல இதைச் சரிவுலதான் நடுவாங்க. எவ்வளவு மழை பெஞ்சாலும் வேர்ல தண்ணி நிக்காது.”

ஓதிக்கொடுக்கும் நாம் அன்று அவளிடம் பாடம் கேட்டோம். பின்னர் நூல்களையும் தேடிப் படித்தோம்.

ரோஸ்மேரியின் தாயகம் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள். ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா ஆகியவற்றின் வறண்ட பாறைச் சரிவுகளில் அது தானாகவே வளர்கிறது. அரபியில் அதற்கு ‘இக்லீலுல் ஜபல்’ என்று பெயர். மலையின் மகுடம் என்பது பொருள். அந்தலுஸின் மலகா நகரில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் அவர்களின் மருந்து நூலில் இச்செடி இடம்பெற்றுள்ளது. துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததே இதுவும். திருக்குர்ஆனில் வரும் ‘ரைஹான்’ இதுதான் என்று சிலர் கூறுகின்றனர், அது சரியன்று. ரைஹான் என்பது நறுமணச் செடிகளுக்குரிய பொதுச்சொல்; அரபு மக்கள் பெரும்பாலும் துளசி இனச் செடியையே அப்பெயரால் அழைக்கின்றனர். நம் ஊர் மரிக்கொழுந்தும் இதுவன்று. அது வேறு குடும்பம்.

அதன் இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் படைத்தவனின் ஏற்பாடு விளங்கும். ஊசிபோல் ஒடுங்கிய இலை. ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். அடிப்புறத்தில் வெண்மையான நுண்மயிர்கள் அடர்ந்திருக்கும். உள்ளிருக்கும் ஈரத்தை வெயிலும் காற்றும் உறிஞ்சிவிடாமல் காக்கும் அமைப்பு இது. குறைந்த நீரில் வாழப் படைக்கப்பட்ட ஒன்றுக்கு நாம் நாளொன்றுக்கு மூன்று செம்பு நீரைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

பெருநாள் முடிந்து மத்ரஸா திறந்தபோது, அம்மாணவி ஈரத்துணியில் சுற்றிய பன்னிரண்டு கொப்புகளைக் கொண்டுவந்து தந்தாள். இம்முறை செடிகளின் பொறுப்பை மகளிடமே ஒப்படைத்தோம். விதையிலிருந்து ரோஸ்மேரி வளர்ப்பது கடினம். முளைப்பது குறைவு, வளர்ச்சியும் மிகத் தாமதம். எனவே கொப்பு நடுவதே சிறந்த வழி. விரும்புவோருக்காக, அவள் செய்த முறையை இங்கே தருகிறோம்.

பூரண முற்றலுமில்லாத, இளங்கொழுந்துமல்லாத கொப்புகளை நான்கு முதல் ஆறு அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டவேண்டும். அடிப்பாதியிலுள்ள இலைகளை உருவிவிட வேண்டும். ஆற்றுமணலும் தென்னை நார்க்கழிவும் சம அளவில் கலந்த சிறு தொட்டியில் நட்டு, நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சம் மிகுந்த இடத்தில் வைக்கவேண்டும். மண் லேசான ஈரத்துடன் இருந்தால் போதும். நான்கு முதல் எட்டு வாரங்களில் வேர்விடும். மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிப்புத் தெரியும், அதுவே அடையாளம். நம் இல்லத்தில் பன்னிரண்டில் ஏழு வேர்பிடித்தன. அவற்றுள் நான்கை மகள் தன் தோழியருக்குக் கொடுத்தாள்.

வேர்பிடித்தவற்றை எட்டு முதல் பத்து அங்குல மண்தொட்டிக்கு மாற்றவேண்டும். சுட்ட மண்தொட்டி தன் பக்கங்களின் வழியாகவும் ஈரத்தை வெளியேற்றும் என்பதால் இதற்கு ஏற்றது. அடியில் துளை கட்டாயம். துளையின் மேல் ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் மண் ஒழுகாது. செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மட்கிய உரம் அரைப்பங்கு போதும். உரம் மிகுந்தால் செடி கொழுத்து வளரும். ஆனால் மணமும் உறுதியும் குறையும்.

நாள்தோறும் குறைந்தது ஆறு மணிநேர வெயில் இதற்கு வேண்டும். நமது சித்திரை வெயிலில் மட்டும் உச்சிப்பொழுது சற்று நிழல் கிடைத்தால் நலம். செடிகளை நெருக்கி வைக்காமல் இடையே காற்றுப் புக இடம் விடவேண்டும். நம் கடற்கரையின் புழுக்கத்தில் காற்றோட்டம் இல்லாவிடில் இலைகளில் வெண்சாம்பல் போன்ற பூசணம் படியும். வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களும் தொட்டிகளைத் தாழ்வாரத்தின் கீழ் நகர்த்திவிட வேண்டும்.

நீர் வார்ப்பதற்கு நாள்கணக்கு கிடையாது, விரல்தான் கணக்கு. விரலை இரண்டு அங்குல ஆழம் மண்ணுள் விடுங்கள். ஈரம் தட்டினால் திரும்பிவிடுங்கள். வறண்டிருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள்; அடுத்த வறட்சிவரை அதன் பக்கம் செல்லாதீர்கள். தொட்டியின் கீழுள்ள தட்டில் நீர் தேங்கக் கூடாது. இலை நுனி பழுப்பேறினால் ஊற்றுவதற்கு முன் மண்ணைச் சோதியுங்கள். நீர் குறைந்தாலும் அதே அடையாளம், மிகுந்தாலும் அதே அடையாளம். இதை அறியாததால்தான் நாம் தவறினோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளூச் செய்ததாக நாம் படிக்கிறோம். அது முக்கால் லிட்டருக்கு மேற்படாது. நம் எட்டு அங்குலத் தொட்டி ஒன்றுக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய அவ்வளவே போதுமானதாக இருக்கிறது.

நம்மைப் போன்ற கடற்கரை ஊரார் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. நமது கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் உவர்ப்பானவை. அதையே தொடர்ந்து வார்த்தால் மண்ணின் மேலும் தொட்டியின் புறத்திலும் வெண்ணிற உப்புப் படியும். இயன்றவரை மழைநீரைச் சேமித்து வாருங்கள். இயலாவிடில், சில வாரங்களுக்கு ஒருமுறை நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி, உப்பை அடித்துளை வழியே கழுவிவிட்டு, பிறகு நன்கு காயவிடுங்கள்.

அறுவடை செய்யும்போது பச்சைக் கொழுந்துகளை மட்டுமே நறுக்கவேண்டும். ஒரே சமயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது. இலையற்ற முதிர்ந்த கட்டையில் வெட்டினால் அவ்விடத்தில் பெரும்பாலும் மீண்டும் துளிர்க்காது. மாவுப்பூச்சி கண்டால் ஈரத்துணியால் துடைத்து, வேப்பெண்ணெயைச் சில சொட்டுச் சோப்பு நீருடன் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

கொப்புகளை நட்ட அன்று, மகளின் அருகில் அமர்ந்து இலைகளை உருவிக் கொடுத்தோம். அப்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் நிமிர்ந்து பாராமலேயே, “பரவாயில்லை உம்மா” என்றாள். சற்று நேரம் கழித்து, “நீங்க வீட்டுல சொன்னதுகூட வலிக்கல. கிளாஸ்ல சொன்னதுதான்” என்றாள்.

அந்தச் சொல் இரவு முழுதும் நம்மை உறங்கவிடவில்லை. பலர் முன்னிலையில் ஒருவரின் மானத்தைக் குறைத்துவிட்டு, தனிமையில் மன்னிப்புக் கேட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? அடுத்த நாள் மகளிடம் அனுமதி கேட்டோம். வகுப்பில், அதே ஒழுக்கப் பாட நேரத்தில், “நாம் சென்ற மாதங்களில் ஒரு மாணவியின் நோயைக் கேலிக்குரியதாக்கிப் பேசினோம். அது பெரும் பிழை. அவளிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கோருகிறோம்” என்று கூறினோம். இருபது ஆண்டுக்காலக் கற்பித்தலில் இவ்வளவு நாத்தடுமாறிய நாள் வேறில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. அன்று மாலை இரு மாணவியர் தனித்தனியே வந்து, தங்களுக்கும் முடி உதிர்வதாகவும், எவரிடமும் சொல்ல நாணியிருந்ததாகவும் கூறினர்.

இனி, நீங்கள் எதிர்பார்க்கும் கேள்விக்கு வருவோம். மகளுக்கு முடி வளர்ந்ததா? வளர்ந்தது, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் அது ரோஸ்மேரியால் அன்று. செடி ஒரு குவளை நீருக்குப் போதுமான இலை தருமுன்பே, அவள் நெற்றியோரம் அரை அங்குலப் புதுமுடி அரும்பிவிட்டது. அதற்கிடையில் அவளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தோம். கடுங்காய்ச்சலுக்குப் பின் இரண்டு, மூன்று மாதங்கள் கழித்து இவ்வாறு முடி கொட்டுவது வழக்கம் என்றும், பெரும்பாலும் ஆறு மாதங்களில் தானே அடங்கும் என்றும் அவர் விளக்கினார். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு இருப்பதைக் கண்டு மாத்திரை எழுதித் தந்தார். இவ்விளக்கத்தை முதல் மாதமே கேட்டிருந்தால், மகள் முடியைப் பொட்டலம் கட்டி எண்ணிக்கொண்டிருக்க மாட்டாள்.

ரோஸ்மேரிக்கும் முடிக்கும் தொடர்பே இல்லை என்று நாம் கூறவில்லை. 2015இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பரம்பரை வழுக்கை உடையோருள் ஐம்பது பேருக்கு ரோஸ்மேரி எண்ணெயும், ஐம்பது பேருக்கு மினாக்சிடில் 2 சதவீத மருந்தும் ஆறு மாதங்கள் கொடுத்துப் பார்த்ததில், இரண்டும் ஏறக்குறைய ஒத்த பயனைத் தந்தன. ஆனால் அது எண்ணெய், அவித்த நீரன்று. நோயும் வேறு. எனவே ஆசையுடன் தெளிப்போர் தெளிக்கட்டும். அவித்த நீரைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் முடித்துவிடட்டும். செறிந்த எண்ணெயை நேராகத் தோலில் தடவுவதும், உட்கொள்வதும் கூடாது. கருவுற்ற பெண்களும் வலிப்பு நோய் உடையோரும் மருத்துவரைக் கேளாமல் இதனை மருந்தாகப் பயன்படுத்தலாகாது. வட்டவட்டமாக முடி கொட்டினாலோ, ஆறு மாதங்களுக்குப் பின்னும் நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

இன்று அந்தச் செடிகள் பெரும்பாலும் அடுக்களைக்கே பயன்படுகின்றன. ஆட்டுக்கால் சூப்பில் ஒரு கொழுந்தைப் போட்டு இறக்கியபோது, மாமியார் ஒரு மிடறு குடித்துவிட்டு, “என்ன புள்ள, தைலத்தை ஊத்திட்டியா?” என்றார். அவர் கூறியதில் உண்மை உண்டு. நீலகிரித் தைலத்தின் மணத்திற்குக் காரணமான அதே பொருள் ரோஸ்மேரியிலும் இருக்கிறது. இப்போது இறைச்சி சுடும் நாட்களில் அவரே ஒரு கொழுந்து கேட்டு வாங்குகிறார்.

ஒரு முஸ்லிம் நடும் செடியிலிருந்து மனிதரோ பறவையோ பிராணியோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிமொழியின் கருத்து. மகள் கொடுத்த நான்கு கொப்புகளில் மூன்று இப்போது வேறு வீடுகளின் மாடிகளில் இருக்கின்றன. நான்காவது வாடிவிட்டது, அந்த வீட்டுத் தாயும் நம்மைப் போலவே காலையும் மாலையும் நீர் ஊற்றினாராம். அடுத்த கொப்பைக் கொண்டுசெல்லும்போது, ஊற்றுமுன் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லும்படி மகளிடம் கூறி அனுப்பினோம். “உங்களுக்குச் சொன்னதையே சொல்றேன் உம்மா” என்று சிரித்துக்கொண்டே சென்றாள்.

பேரீச்சம்பழப் பெட்டி இப்போது அலமாரியில் இல்லை. பொட்டலங்களையெல்லாம் அவளே ஒரு நாள் கொல்லையில் புதைத்துவிட்டாள். எங்கே என்று நாம் கேட்கவில்லை.

நம் பிள்ளைகளின் உள்ளம் வறண்டிருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தபின் பேசும் பக்குவத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.